வீடு முதலில், குட்டி பிறகு

எச்.எம்.வி. இசைத்தட்டு சுழன்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாயை மறக்க முடியாது. கிராமபோன் குழலுக்கு முன்னால் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்குமே, அதுதான். பெயர் நிப்பர். 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்த டெரியர். கலப்பு நாய், என்னென்ன இனம் கலந்தது என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு பேச்சு. வருகிறவர் போகிறவர் காலைக் கவ்வும், எலியைக் கண்டால் விடாது. வளர்த்தவர் மார்க் பராட் 1887இல் இறந்துபோக, நாயை அவருடைய சகோதரர் பிரான்சிஸ் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கடைசிக் காலத்தில் அது மார்க்கின் மனைவியிடமே திரும்பி வந்து 1895இல் கண்ணை மூடியது. ஓவியரான பிரான்சிஸ் அந்தப் புகழ்பெற்ற படத்தைத் தீட்டியது அதற்குப் பிறகுதான்.

படத்தில் அத்தனை சாந்தமாக உட்கார்ந்திருக்கும் அந்த நாய், பொந்துக்குள் பாய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரத்தம். கை மாறி மாறிப் போனபோதும் ஒவ்வொரு கையும் அதை ஏற்று வைத்துக்கொண்டது. எல்லா டெரியருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பிரிட்டனில் கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த வேலை நாய்களைப் பெருக்கிய விதமும், பிறந்த குட்டிகளுக்கு இடம் பார்த்த விதமும் மாறிவந்ததைக் கவனித்தால், மனிதன் தான் உண்டாக்கிய உயிருக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்கிறான் என்பது தெரிந்துவிடும். எனக்கு இந்தக் கதையில் ஈடுபாடு வந்ததே அதனால்தான்.

ஜாக் ரஸ்ஸல் என்றால் இன்று எல்லோருக்கும் நாய்தான் நினைவுக்கு வருகிறது. அது ஒரு பாதிரியாரின் பெயர். ஜான் ரஸ்ஸல், 1795இல் பிறந்தவர். 1819இல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது பக்கத்துக் கிராமத்தில் ஒரு பால்காரரிடம் ஒரு பெட்டை நாயைக் கண்டு, அங்கேயே பேசி வாங்கிவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணுக்கும் காதுக்கும் மேலே கரும்பழுப்புத் திட்டு, வாலடியில் ஒரு பென்னி நாணயம் அகலத்துக்கு இன்னொரு திட்டு. டிரம்ப் என்று பெயர் வைத்தார். பிறகு 1832 முதல் டெவன் மாவட்டத்து ஸ்விம்பிரிட்ஜ் கிராமத்துத் தேவாலயத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஊழியம், கூடவே விடாத நரி வேட்டை. டிரம்பின் வழியில் வந்த நாய்கள்தான் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அந்த நாயின் வேலை என்ன? குதிரைமேல் ஆட்களும் தரையில் ஹவுண்டு நாய்க் கூட்டமும் துரத்த, நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். ஹவுண்டு பெரிய நாய், உள்ளே போகாது. அப்போது டெரியரை இறக்கிவிடுவார்கள். இருட்டில், மண்ணுக்கடியில், தன் உடம்பு நுழையும் அளவே உள்ள சந்தில் அது தனியாகப் போக வேண்டும். நரியை எதிர்கொண்டதும் விடாமல் குரைத்து அதை வெளியே கிளப்ப வேண்டும். நரி அசையாவிட்டால், மேலே நிற்பவர்கள் எங்கே தோண்டுவது என்று தெரிந்துகொள்ளும்படி அதே இடத்தில் நின்று குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நரியைக் கொன்றுவிடும் நாயை ரஸ்ஸல் விரும்பவில்லை. கொன்றுவிட்டால் அன்றைய வேட்டை அத்தோடு முடிந்துபோகும். துணிச்சல் வேண்டும், வெறி கூடாது. இரண்டையும் ஒரே நாயிடம் எதிர்பார்ப்பது சாதாரணக் காரியமில்லை.

இந்த வேலைதான் நாயின் உருவத்தையும் முடிவு செய்தது. தோளுயரம் பத்திலிருந்து பதினைந்து அங்குலம். நெஞ்சுக்கூடு அகலமாகவோ ஆழமாகவோ இருந்தால் வளையில் சிக்கிக்கொள்ளும். ஒடுக்கமாக, அமுங்கிக் கொடுப்பதாக இருக்க வேண்டும். இதை இன்றும் டெரியர் காட்சிகளில் கையால்தான் பார்க்கிறார்கள். நடுவர் நாயின் பின்னால் குனிந்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே இரு கைகளாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடிப்பார். மேலே கட்டைவிரல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும். கீழே விரல்நுனிகள் சந்திக்க வேண்டும். பிறகு முன்பக்கத்தை மெதுவாகத் தரையிலிருந்து தூக்கி, விலா எலும்புகளை லேசாக அழுத்திப் பார்ப்பார். வளைந்து கொடுத்தால் சரி. ஓர் அளவுகோலும் இல்லாமல், ஒரு நொடியில், நரி வளையின் அகலம் அந்த இரண்டு உள்ளங்கைகளுக்குள் வந்துவிடுகிறது. இருநூறு ஆண்டில் மாறாத சில விஷயங்களில் இது ஒன்று.

குட்டிகளின் கதை வேறு. அன்றைக்கு இந்த நாய்களைப் பெருக்கியவர்கள் வேட்டைக் குழுவின் பணியாளர்கள், பண்ணையாட்கள், வடக்கே சுரங்கத் தொழிலாளர்கள். நல்ல வேலைக்காரப் பெட்டையை நல்ல வேலைக்கார ஆணோடு சேர்ப்பார்கள், அவ்வளவுதான் சாஸ்திரம். ஒரு ஈத்தில் நான்கைந்து குட்டி. ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்வார்கள். மற்றவை ஆணுக்குச் சொந்தக்காரருக்கு ஒன்று, அடுத்த பண்ணைக்கு ஒன்று என்று கைமாறும். வாங்குகிறவரை விற்கிறவருக்குப் பல வருடமாகத் தெரியும். குட்டி எப்படி இருக்கிறது என்பது ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலிலேயே தெரிந்துவிடும். ஒப்பந்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஊர்க்கண்தான் காவல்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தக் காலம் பொற்காலமாகத் தோன்றும். நிறுத்தக் கூடாது. மிஞ்சிய குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே வாளித் தண்ணீரில் அமுக்குவது அன்று யாரும் ஒளித்துச் செய்த காரியமல்ல. பால் பற்றாது என்றால் அமுக்கினார்கள். நிறம் பிடிக்கவில்லை என்றால் அமுக்கினார்கள். வளர்ந்தும் வேலைக்கு அஞ்சிய நாய்க்குத் துப்பாக்கிக் குண்டு. வேல்ஸ் நாட்டு பெம்ப்ரோக்ஷயரில் சீலிஹாம் டெரியரை உருவாக்கிய கேப்டன் ஜான் எட்வர்ட்ஸைப் பற்றி, குட்டிகளைக் குடியானவர்களிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியோடு போய்ச் சோதித்து, தேறாததை அங்கேயே சுட்டுவிடுவார் என்று செவிவழிக் கதைகள் உண்டு. கதையில் எவ்வளவு மிகை இருந்தாலும், அதைச் சொன்னவர்கள் அவரைப் பெருமைப்படுத்தவே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழைய ஆட்கள் இன்றும் ஒரு வாதம் வைப்பார்கள். அந்தக் கடுமைதான் இந்த நாய்களைத் திடகாத்திரமாக வைத்தது, வளைதான் பரீட்சை மண்டபம், தேறாதது பெருகவில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை. மூச்சு வாங்கும் நாயும் கால் கோணிய நாயும் நரி வளையில் தேறாது. அதனால்தான் தட்டை மூக்கு நாய்கள் படும் அவஸ்தை டெரியர்களுக்கு வரவில்லை. மறுபாதி தவறு; ஏன் தவறு என்பது 2010 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1873இல் லண்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தொடங்கியது. ரஸ்ஸல் பாதிரியாரும் அதன் ஆரம்பகால உறுப்பினர். நாய்க் காட்சிகள் பெருகின, நரி வளைக்கென்றே வளர்த்த ஃபாக்ஸ் டெரியருக்குப் பெருங்கிராக்கி. ரஸ்ஸல் மறுவருடம் கிரிஸ்டல் பேலஸ் காட்சியில் நடுவராகக் கூட இருந்தார். தன் நாய்களை மட்டும் அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை. அவர் பயந்தது நடந்தது. காட்சி ஃபாக்ஸ் டெரியருக்குத் தலை நீண்டது, நெஞ்சு ஆழமானது, தோள் செங்குத்தானது. பார்க்க அழகு, வளையில் இறங்காது. வேலைக்காரர்கள் தனியே ஒதுங்கிக்கொண்டார்கள். அன்று தொடங்கிய பிளவு இன்றும் ஆறவில்லை. பிரிட்டனின் ஜாக் ரஸ்ஸல் டெரியர் சங்கம் 1974இலும் அமெரிக்கச் சங்கம் 1976இலும் உருவானபோது, காட்சி உலகத்தின் அங்கீகாரமே வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலை. கென்னல் கிளப் 1990இல் நீண்ட கால் கொண்ட பார்சன் வகையையும், 2016இல் குட்டைக் கால் ஜாக் ரஸ்ஸலையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சேர்ந்தவர்கள் சேர்ந்தார்கள், சேராதவர்கள் இன்றும் தனிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கச் சங்கத்தின் பதிவேட்டில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. குட்டி பிறந்ததும் ஈத்தோடு மொத்தமாகப் பதிய மாட்டார்கள். ஒவ்வொரு நாயும் ஒரு வயது நிறைந்து, கால்நடை மருத்துவரின் சான்றிதழோடும் வம்சாவளியோடும் தன் தகுதியில் வந்து பதிந்துகொள்ள வேண்டும். அப்பன் பேரால் எதுவும் கிடைக்காது. நெருங்கிய ரத்த உறவில் சேர்த்த நாய்களுக்கும் வரம்பு வைத்துக் கதவை மூடிவிட்டார்கள். குட்டி போட்டவுடன் காகிதத்தைக் காட்டி விலை ஏற்றும் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியவில்லை.

வேலை என்ன ஆனது என்று பார்ப்போம். 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது குற்றமாயிற்று. டெரியரை மண்ணுக்கடியில் இறக்குவதற்குச் சிறு விலக்கு மட்டும் மிஞ்சியது: துப்பாக்கி வேட்டைக்காக வளர்க்கும் பறவைகளை நரியிடமிருந்து காப்பதற்கு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு நாய், நிலத்துக்காரரின் எழுத்துபூர்வ அனுமதியோடு. எலிக்கும் முயலுக்கும் தடையில்லை. ஆக, இன்றைக்கு வேலைக்கார டெரியர் என்றால் பெரும்பாலும் பண்ணைக் களஞ்சியத்தில் எலி பிடிக்கும் டெரியர்தான். நம்மூர் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நேர்ந்ததும் இதே கதிதான். வேட்டை போனது, நாயின் கால்களில் ஓட்டம் மட்டும் மிச்சம்.

எலி வேலையைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. விஷம் வைத்தால் எலி ஒன்றிரண்டு நாளைக்குமேல் துடித்துச் சாகும், செத்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். டெரியர் கழுத்தைப் பிடித்து ஒரே உதறலில் முடித்துவிடும். நியூயார்க் நகரத்துச் சந்துகளிலேயே டெரியர்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து இரவுகளில் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

மண்ணுக்கடியில் இறங்கும் நாய்க்கும் ஒரு காவல் வந்திருக்கிறது. அன்று வளைக்குள் சிக்கிய நாயைக் காப்பாற்ற, தரையில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு நாள்கணக்கில் தோண்டுவார்கள். குரல் நின்றுபோனால் எங்கே தோண்டுவது? இன்று கழுத்துப்பட்டையில் சின்ன அலைபரப்பி. மேலே நிற்பவர் கையிலுள்ள கருவி இடத்தையும் ஆழத்தையும் காட்டும். அது இல்லாமல் நாயை இறக்குகிறவரிடம் குட்டி கொடுக்கவே கூடாது.

இங்கே ஓர் இருண்ட பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. பேட்ஜர் என்ற வளைக்கரடி. ரஸ்ஸலுக்குப் பிறகு அவர் நாய்களின் பெருமையைப் பரப்பிய ஆர்தர் ஹைன்மன் 1894இல் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே பேட்ஜர் இருந்தது. அதைத் தோண்டியெடுப்பது அன்று மரியாதைப்பட்ட பொழுதுபோக்கு. இன்று 1992ஆம் ஆண்டின் சட்டம் பேட்ஜரையும் அதன் வளையையும் முழுமையாகப் பாதுகாக்கிறது. ஆனாலும் திருட்டுத்தனமாக நாயை ஏவிச் சண்டை மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்ஜரின் தாடை வலுவுக்கு முன்னால் டெரியரின் முகம் நிற்காது. கீழ்த்தாடை கிழிந்து, மூக்கு அறுந்து, மருத்துவரிடம் போனால் மாட்டிக்கொள்வோம் என்று வீட்டிலேயே கோணலாகத் தைக்கப்பட்ட நாய்களை விலங்கு நலக் காவலர்கள் மீட்கிறார்கள். அந்த ஆட்களும் எங்கிருந்தோ குட்டி வாங்கித்தான் வந்தார்கள். யாரோ ஒருவர் பணத்தை எண்ணிப் பார்த்து, ஆளைப் பார்க்காமல் கொடுத்த குட்டி. ஆகவே நாய்களைப் பெருக்கிக் கொடுக்கும் பொறுப்புள்ள பிரீடர், வேலைக்கு நாய் கேட்டு வருகிறவரிடம் முதலில் அவர் வீட்டிலுள்ள மற்ற நாய்களைக் காட்டச் சொல்கிறார். முகத்தில் தழும்புள்ள நாய் ஒன்று கண்ணில் பட்டால், அல்லது நாய்களைக் காட்டவே தயங்கினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்கிறார்.

2010க்கு வருகிறேன் என்று சொன்னேன். டெரியர்களுக்குக் கண்வில்லை நழுவும் நோய் ஒன்று உண்டு. கண்ணுக்குள் வில்லையைத் தாங்கிப் பிடிக்கும் நுண்ணிழைகள் பலவீனமாகி அறுந்து, வில்லை முன்னால் சரிந்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கடும் வலி, சில நாட்களிலேயே பார்வை போய்விடும். பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் வருவது. அதற்கான மரபணுப் பிழையை 2010இல் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இரு பக்கமிருந்தும் பிழை வந்தால்தான் நோய்; ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த நாய் பெரும்பாலும் கண் நோகாமல் வாழ்ந்துவிடும், பிழையைச் சுமந்தபடியே. அப்படிச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

பழைய ஆட்களின் வாதம் உடைவது இங்கேதான். வளை என்ற பரீட்சை ஒன்றரை வயது நாய்க்கு நடப்பது. இரண்டு வயதில் அது ஊரறிந்த வேலைக்காரன். சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளெல்லாம் அதனிடம் கிராஸுக்கு வரும். ஐந்து வயதில் அதன் கண் போகும்போது அதன் குட்டிகள் மாவட்டம் முழுக்க இருக்கும், அவற்றின் குட்டிகளும் பிறந்திருக்கும். எத்தனை கடுமையாகத் தேர்ந்தாலும் வளையால் இந்த நோயைப் பிடித்திருக்க முடியாது. சொல்லப்போனால், பேர்போன ஒரே ஆணிடம் எல்லோரும் ஓடியதால் அது இன்னும் பரவியது. வாளியில் போனவையெல்லாம் எந்தக் குற்றமும் செய்யாத குட்டிகள். நோய் மட்டும் மேலேயே தங்கிவிட்டது.

இன்று செய்ய வேண்டியது ஒரு பஞ்சுக் குச்சியை நாயின் கன்னத்து உட்புறத்தில் தேய்த்து உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது. சுமக்கும் நாயாக இருந்தாலும் அதை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. பிழையற்ற நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சோதனை வந்த உற்சாகத்தில் சுமப்பவற்றையெல்லாம் விலக்கினால் இனத்தின் ரத்த வட்டம் சுருங்கி வேறு நோய்கள் தலைதூக்கும். பெட்லிங்டன் டெரியருக்கு ஈரலில் செம்பு தேங்கும் நோய் இருந்தது. அதையும் மரபணுச் சோதனையால்தான் பொறுமையாகக் குறைத்தார்கள். பார்சன் ரஸ்ஸலுக்கு நடை தடுமாறும் நரம்பு நோய்க்கும் சோதனை இருக்கிறது. வெள்ளை நிறத்துக்கும் ஒரு விலை உண்டு: குழப்பத்தில் ஹவுண்டுகள் டெரியரை நரி என்று பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வேட்டைக்காரர்கள் விரும்பிய வெள்ளைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. அதனால் ஐந்தாறு வார வயதிலேயே காதோரம் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒலி மூளையை எட்டுகிறதா என்று இரண்டு காதையும் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒரு காது கேட்கும் நாய் வீட்டில் நன்றாகவே வாழும். மண்ணுக்கடியில் அதை அனுப்பக் கூடாது, குட்டி பெறவும் விடக் கூடாது. வாங்குகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2016 முதல் எட்டு வாரத்துக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் தோலுக்கடியில் மைக்ரோசிப், அதில் முதல் பெயர் பிரீடருடையது. 2018 முதல் ஆண்டுக்கு மூன்று ஈத்து போட வைத்தால் உரிமம் வேண்டும். கென்னல் கிளப் ஒரு பெட்டையின் நான்கு ஈத்துக்குமேல் பதிவதில்லை. 2020 ஏப்ரலில் வந்ததை லூசி சட்டம் என்கிறார்கள். வேல்ஸில் ஒரு குட்டித் தொழிற்சாலையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட சிறு ஸ்பானியல் நாயின் பெயர் அது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடைக்காரரோ விற்க முடியாது; பெற்றெடுத்த தாயோடு வைத்து பிரீடரே காட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். அதே ஆண்டில்தான் கொரோனா ஊரடங்கும் வந்தது, வீட்டில் அடைபட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு குட்டி வேண்டியிருந்தது. சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவியவர்களுக்கும் பஞ்சமில்லை. அடைப்பு விலகியபின் அந்தக் குட்டிகளில் பல காப்பகங்களின் வாசலுக்கு வந்தன.

டெரியருக்கு இது புதிதல்ல. 1994இல் ‘தி மாஸ்க்’ படத்தில் வந்த நாயையும் ‘ஃப்ரேசியர்’ தொடரின் எடியையும் பார்த்துவிட்டு ஜாக் ரஸ்ஸல் வாங்கியவர்கள், திரையில் பயிற்சியாளரின் சைகைக்கு ஆடும் நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தது தோட்டத்தைத் தோண்டிப்போட்டது, பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தியது, மணிக்கணக்கில் குரைத்தது. 2011இல் வந்த ‘தி ஆர்ட்டிஸ்ட்’ படத்தில் உலகமே கொண்டாடிய உக்கி என்ற ஜாக் ரஸ்ஸலை, அடக்க முடியவில்லை என்று இரண்டு வீடுகள் கைவிட்டிருந்தன. கைவிட்ட நாய்களை அடைக்கும் பவுண்டுக்குப் போகவிருந்த நேரத்தில் பயிற்சியாளர் ஓமர் வான் முல்லர் எடுத்துக்கொண்டார். நாயிடம் குறையில்லை, அதற்குச் செய்ய ஏதும் இல்லாத வீடுதான் குறை. அந்த இரண்டு வீட்டுக்கும் குட்டியைக் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேட்டிருந்தால் போதும்.

நல்ல பிரீடர்கள் கேட்கிறார்கள். வேலியின் அடிப்பாகம் மண்ணில் எவ்வளவு ஆழம் புதைந்திருக்கிறது? (உயரம் யாரும் சொல்லிவிடுவார்கள், டெரியர் போவது அடிவழியாக.) வீட்டில் முயலோ வெள்ளெலியோ வளர்க்கிறீர்களா? பகலில் நாய் எத்தனை மணி நேரம் தனியே இருக்கும்? தவழும் குழந்தை இருக்கிறதா? இருந்தால் இரண்டு வருடம் கழித்து வாருங்கள். ஏற்கெனவே ஒரு பெட்டை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பெட்டையைக் கொடுக்க மறுப்பார்கள். ஒரே ஈத்தின் இரண்டு குட்டிகளைச் சேர்த்துக் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும். இது பிடிவாதமல்ல. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் மட்டும், பால் மறக்கும் வயதிலேயே, கூடப் பிறந்த ஒன்றைக் கூட்டமாகச் சேர்ந்து தாக்கின. காயம்படாமல் இருக்க அவற்றைப் பிரித்துவைக்க வேண்டியிருந்தது. எதிர்த்து நின்று பின்வாங்காத குணத்தைத் தேடித் தேடிப் பெருக்கிவிட்டு, வீட்டுக்குள் மட்டும் அது இருக்காது என்று எதிர்பார்க்க முடியுமா?

இந்தக் குணத்தைப் பதப்படுத்தும் வேலை பிரீடர் வீட்டிலேயே தொடங்குகிறது. தாய் புரளும்போது குட்டி நசுங்காமல் சுற்றிலும் சட்டம் அடித்த பெட்டி, முதல் வாரங்களில் உடற்சூட்டைத் தானே காக்க முடியாத குட்டிகளுக்கு வெதுவெதுப்பு, தினமும் தராசு. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை கண்டதையும் கேட்டதையும் குட்டி ஆயுளுக்கும் மறக்காது என்பதால், பாத்திரம் விழும் ஓசையும், குழந்தைகளின் கூச்சலும், தபால்காரரின் காலடியும் அந்த நாட்களில் பழக வேண்டும். ஆறேழு வாரத்தில் தோட்டத்தில் ஒரு வடிகால் குழாயைக் கிடத்தி வைப்பார்கள். ஒரு குட்டி வாயிலில் மோந்து பார்த்துவிட்டுத் தாயிடம் ஓடும். இன்னொன்று பாதி உடம்பை நுழைத்து வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நேராக உள்ளே போய் நடுவில் நின்று குரைக்கும். குழாயின் எதிரொலி கேட்டுத் தானே இன்னும் பலமாகக் குரைக்கும். அந்தக் கணத்தில் பிரீடர் குறித்துக்கொள்கிறார்: முதல் குட்டி வயதான தம்பதிக்கு ஏற்றது, மூன்றாவது பண்ணைக்கு. அந்தக் காலத்தில் அந்த முதல் குட்டிக்கு வாளியோ குண்டோ காத்திருந்தது. இன்று அதற்கும் ஒரு சோபா இருக்கிறது. இருநூறு ஆண்டு மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பண்ணை கிடைக்காத மூன்றாவது குட்டிக்கும் வழி பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் மண்ணில் பள்ளம் வெட்டி, மரச்சட்டம் போட்டுச் செயற்கை வளை அமைத்து, கடைசியில் பத்திரமான கூண்டுக்குள் எலிகளை வைத்து டெரியர்களைச் சோதிக்கிறார்கள். ஆரம்ப நாய்க்குப் பத்தடி நீளம், ஒரு திருப்பம். நாய் உள்ளே போய்க் குரைக்கும், பிராண்டும். எலிக்கு ஒரு கீறல் விழாது. இதை விளையாட்டு என்று ஏளனம் செய்யும் பழைய வேட்டைக்காரர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நரிக்கு வலி இல்லாமலே நாயின் தாகம் தணியுமானால் அதில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது?

வளர்க்க ஆள் கிடைக்காமல் போன இனங்களும் உண்டு. ஒரு காலத்தில் ஹாலிவுட்டின் செல்லமாக இருந்து, இயக்குநர் ஹிட்ச்காக் தன் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் தானே இழுத்துக்கொண்டு நடந்த சீலிஹாம், 2008இல் பிரிட்டன் முழுவதும் 43 குட்டிகள்தான் பதிவாகும் நிலைக்கு வந்தது. ஸ்கை டெரியர் 2013இல் வெறும் 17. பொறுப்பு என்றால் குறைவாகப் பெருக்குவது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்கள் மறுபக்கத்தைக் காட்டும். ஒரு பக்கம் ஜாக் ரஸ்ஸல் கலப்புகள் காப்பகங்களில் நிறைந்திருக்க, இன்னொரு பக்கம் ஓர் இனம் ஆளில்லாமல் மறைகிறது. சீலிஹாம்களைச் சிறு படையாகச் சேர்த்து எலி வேட்டைக்குப் பழக்கி, இதற்கு இன்னும் வேலை தெரியும் என்று காட்டியவர்களால் அதன் எண்ணிக்கை கொஞ்சம் எழுந்தது.

வேலைக்கார டெரியரை ஒழுங்காகப் பெருக்குகிறவர்களிடம் இன்று இரண்டு வழக்கங்களைப் பார்க்கிறேன். ஒன்று, எந்த வயதில் எந்தக் காரணத்துக்காக நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் தன்னிடமே திருப்பித் தர வேண்டும், மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வது. பதினோரு வயதுக் கிழ நாய், உரிமையாளர் முதியோர் இல்லத்துக்குப் போனதால் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்வது அங்கே அபூர்வமில்லை. அதற்கு ஓர் இடம் எப்போதும் காலியாக வைத்திருப்பவரே அடுத்த ஈத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, பெட்டையை ஆணோடு சேர்க்கும் முன்பே வீடுகளைப் பார்த்து முடித்துவிடுவது. அன்று குட்டி பிறந்தபின் ஆள் தேடினார்கள், கிடைக்காதவற்றின் கதி தெரிந்ததே. இன்று ஐந்தாறு பேர் பெயர் எழுதி, வீட்டைக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் காத்திருந்த பிறகுதான் இணை சேர்க்கிறார்கள். பட்டியலில் இரண்டே பெயர் இருந்தால் அந்தப் பருவத்தை விட்டுவிடுகிறார்கள். பெட்டை ஆறேழு மாதத்தில் மறுபடி பருவத்துக்கு வரும்.